முள் தாவிய இடம்

என் தொழில் புரூஃப் பார்ப்பது. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பிறர் எழுதியதில் எங்கே ஒற்று விடுபட்டிருக்கிறது, எங்கே வேண்டாத ஒற்று வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தேடித் தேடி, பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைக்கூட நிம்மதியாகப் படிக்க முடியாதவனாகிவிட்டேன். 'டீ கடை' என்று எழுதியிருந்தால் அந்த 'க்' இல்லாத இடத்தில் என் கண் தடுக்கி விழும். ஆகவே ஒரு பாடகரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் பேச்சு ஒற்றில்தான் போய் முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடகர் நாட் கிங் கோல். 1919-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கமரி என்ற ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். 46 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, 1965 பிப்ரவரியில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வீட்டில் வைத்த பெயர் நாதேனியல் ஆடம்ஸ் கோல்ஸ். கோல்ஸில் இருந்த கடைசி 'ஸ்' மேடைக்கு வந்தபோது உதிர்ந்துவிட்டது. பாட்டில் ஒரு சொல்லின் கடைசி ஒற்றைக்கூடச் சிந்தாத மனிதர், தன் பெயரில் மட்டும் ஒன்றைச் சிந்திவிட்டார்.

நான் அவரை முதலில் கேட்டது திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில். அப்பா பணிமனையில் ஃபிட்டர். எங்கள் வரிசையின் கடைசிக் குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டம்மாவை நாங்கள் ஆன்ட்டி என்போம். அவர் எங்கள் எல்லோரையும் 'மேன்' என்பார், என் தங்கை உட்பட. மாலைச் சங்கு ஊதி, பணிமனையிலிருந்து சைக்கிள்கள் ஆறாய் ஓடி வடிந்த பிறகு, ஆன்ட்டி வீட்டு முன்னறையில் சூட்கேஸ் போன்ற ரிக்கார்டு பிளேயரின் மூடி திறக்கும். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த எல்.பி. இசைத்தட்டுகள் ஏழெட்டு இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் ஆன்ட்டி யாரையும் தொட விடமாட்டார். தன் சேலை முந்தானை இல்லாத குறைக்குக் கவுனின் ஓரத்தால் துடைத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்து, கோவில் பிரசாதம் போலக் கொண்டுபோய் வைப்பார்.

1957-இல் வெளிவந்த 'லவ் இஸ் தி திங்' என்ற தொகுப்பு அது. அதில் 'ஸ்டார்டஸ்ட்' என்று ஒரு பாட்டு.

அந்தத் தட்டில் ஒரு கீறல். பாட்டின் தொடக்கத்திலேயே, மூன்று வரிகள் முடிந்து நான்காவது வரி தொடங்கும் இடத்தில், முள் ஒரு வரிப்பள்ளத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. கோல் பாடும் நிதானத்தில் 1.8 விநாடி என்பது ஒரு சொல், மிஞ்சினால் ஒன்றரைச் சொல். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு வரி நடுவிலிருந்து தொடங்கும். இந்தக் கணக்கெல்லாம் பின்னால் போட்டது. அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயது; தமிழ் வழிப் பள்ளி; ஆங்கிலம் எனக்கு ஓசைதான். பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நீரோடையைக் கடக்கும்போது ஒரு கல்லை விட்டு அடுத்த கல்லுக்குக் கால் வைப்பது போல அந்தத் தாவலையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தேன்.

ஆன்ட்டி குடும்பம் 1977-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. காலனியில் அப்போது மாதம் ஒரு வீடு காலியாகிக்கொண்டிருந்தது. கட்டில், மேசை, இரும்பு அலமாரி எல்லாவற்றையும் விற்றார்கள். அம்மா ஒரு மர ஸ்டூல் வாங்கினார். இன்றும் வீட்டில் இருக்கிறது. தட்டுகளை மட்டும் ஆன்ட்டி பெர்த்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

பிறகு இருபது ஆண்டுகள் அந்தப் பாட்டை நான் கேட்கவில்லை. முனகிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். சென்னையில் ஒரு பதிப்பகத்தில் வேலை கிடைத்த பிறகு, அண்ணா சாலையில் ஒரு கடையில் குறுந்தகடு கண்ணில் பட்டது. அந்த மாத வாடகையோடு மோதும் விலை. வாங்கினேன். வீட்டுக்கு வந்து போட்டால், நான்காவது வரி தொடங்கும் இடத்தில் கோல் ஒரு சொல்லைக் கூடுதலாகப் பாடினார். யாரோ இடையில் செருகியது போலிருந்தது. நிறுத்தி, மறுபடி போட்டேன். செருகல் இல்லை, அசல் அதுதான். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த மிகப் பழைய விடுபாடு அது.

இப்போது பாட்டுக்கு வருகிறேன்.

'ஸ்டார்டஸ்ட்' கோலுடைய பாட்டு அல்ல. இசையமைத்தவர் ஹோகி கார்மைக்கேல். இண்டியானாவில் சட்டம் படித்துவிட்டு, வழக்கைவிடப் பியானோவை அதிகம் நேசித்தவர். 1927-இல் அவரே முதலில் பதிவு செய்தபோது அதில் சொல்லே கிடையாது. கொஞ்சம் விறுவிறுப்பான வாத்திய இசை. சொற்களை மிட்செல் பாரிஷ் எழுதிச் சேர்த்தது 1929-இல். அதற்கும் பிறகுதான் யாரோ வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அது காதல் பாட்டாக மாறிவிட்டது. வாத்தியத்துக்காகப் பிறந்த மெட்டு என்பதால் குரலுக்கு அடங்காது. ஊதுகுழல்காரன் விரல் மாற்றித் தாவும் இடங்களில் பாடகன் தொண்டையால் தாவ வேண்டும். பிங் கிராஸ்பி, லூயி ஆம்ஸ்ட்ராங் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இந்தப் பாட்டுக்கு உண்டு.

ஆயிரம் பேர் ஒரே பாட்டைப் பாடுவது நம் திரைப்பாட்டு ரசிகருக்கு விசித்திரமாகத் தோன்றும். நம்மிடம் ஒரு பாட்டு என்றால் அதற்கு ஒரு குரல். அந்தக் குரலுக்குப் பட்டா போட்டாகிவிட்டது. வேறொருவர் பாடினால் மேடைக் கச்சேரி, போலி, அல்லது போட்டி நிகழ்ச்சி. ஆனால் சபாவுக்குப் போகிறவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஒரே கல்யாணிக் கீர்த்தனையை நூறு வித்வான்கள் பாடுகிறார்கள்; யாரும் 'இதை ஏற்கெனவே ஒருவர் பாடிவிட்டாரே' என்று கேட்பதில்லை. இவர் எப்படிப் பாடுகிறார் என்று கேட்கத்தான் போகிறோம். அமெரிக்கர்கள் 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்லும் பாட்டுகள் அந்த வகை. 1920-களிலும் 30-களிலும் 40-களிலும் பெரும்பாலும் நாடக மேடைக்கும் திரைக்கும் எழுதப்பட்டவை. நாடகம் மறந்துபோன பிறகும் பாட்டு மட்டும் கைமாறிக் கைமாறி வந்தது. சந்தம் முப்பத்திரண்டு தாளக்கட்டுக்குள் அடங்கியிருக்கும். எடுத்துப் பாட யாருக்கும் தடையில்லை. எடுத்தால் என்ன செய்தாய் என்ற கேள்வி மட்டும் காத்திருக்கும்.

இந்தப் பாட்டுகளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பல்லவிக்கு முன்னால், தாளத்துக்கு முழுசாக அடங்காமல், பேச்சும் பாட்டுமாகச் சில வரிகள் வரும். நாடகத்தில் வசனத்திலிருந்து பாட்டுக்கு ஏறுவதற்குப் போட்ட படிக்கட்டு. நம் தொகையறாவேதான்! தொகையறாவைப் பெரும்பாலான பாடகர்கள் வெட்டிவிட்டு நேராகப் பல்லவிக்குப் போய்விடுவார்கள். கோல் 'ஸ்டார்டஸ்ட்'டில் அதை வெட்டவில்லை. தந்தி வாத்தியங்கள் கொஞ்சம் மேலெழுந்து இறங்கியதும், தொகையறாவைப் பாடுகிறார். முழுசாக, எட்டு வரியும். பலருக்கு இன்று அந்தப் பாட்டென்றால் நினைவுக்கு வருவது பல்லவியல்ல, இந்தத் தொகையறாதான். 1961-இல் பிராங்க் சினாட்ரா இன்னும் ஒரு படி போய், தொகையறாவை மட்டும் பதிவு செய்துவிட்டு பல்லவியைத் தொடாமலே எழுந்துபோய்விட்டார். சாமர்த்தியம்தான். ஆனால் வாசற்படியில் நின்று பேசிவிட்டு உள்ளே வராமல் போகும் விருந்தாளி மாதிரி எனக்கு ஒரு குறை.

அந்த எட்டு வரிகளைத்தான் நான் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புரூஃப் பார்ப்பவன் கேட்கும் விதம் இது.

முதல் வரியின் கடைசிச் சொல் 'ம்' என்று முடிகிறது. இரண்டாவது 'ட்'. மூன்றாவது மறுபடி 'ம்'. நான்காவது மறுபடி 'ட்'. மெல்லினம், வல்லினம், மெல்லினம், வல்லினம். ஐந்தாவது வரியிலிருந்து எட்டாவது வரை நான்கும் 'ஏய்', 'ஆய்' என்று யகரச் சாயலோடு திறந்து முடிகின்றன, அது இடையினம். பாரிஷுக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க வழியில்லை. வரிக்கடைசியில் இயைபு தேடியபோது தானாக விழுந்திருக்கும். ஆனால் கோல் அதைக் காதால் கண்டுபிடித்திருக்கிறார். 'ம்' வரும் இடங்களில் உதடு மூடியதும் ஒலி அணைந்துவிடுவதில்லை. மூடிய வாய்க்குள் கொஞ்சம் தங்கி, விளக்கைத் தணிப்பது போலத் தணிகிறது. 'ட்' வரும் இடங்களில் உயிரை இழுக்க வசதி இருந்தும் இழுப்பதில்லை. நாக்கு மேலே தொட்டுவிட்டு வந்துவிடுகிறது. மேசைமேல் கோப்பையை ஓசைப்படாமல் வைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அப்படி. திறந்த நான்கு வரிகள் வந்ததும்தான் மூச்சை நீள விடுகிறார். அதுவரை மூடி மூடி வைத்திருந்த கதவுகள் வரிசையாகத் திறப்பது போல இருக்கும்.

ஆங்கிலத்தில் பாடுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. அந்த மொழியில் சொற்கள் ஒற்றில் போய் முட்டி நிற்கும். சுரமோ உயிரெழுத்தில்தான் வாழும். ஆகவே பாடகர் உயிரை இழுத்து நீட்டிவிட்டு, ஒற்றெழுத்தைக் கடைசி நொடியில் துப்பிவிடுவார், அல்லது விழுங்கிவிடுவார். கோல் இரண்டும் செய்வதில்லை. எனக்கு ஒரு ஊகம் உண்டு. அவர் அடிப்படையில் பியானோக்காரர். பியானோவில் சுரத்தை எப்போது தொடுவது என்பதோடு வித்தை முடிவதில்லை. எப்போது விரலை எடுப்பது என்பதும் கலைதான். கோல் சொல்லின் முடிவில் விரலை எடுக்கிறார்.

என் மனைவிக்கு ஆங்கிலப் பாட்டில் நாட்டமில்லை. எம்.எல். வசந்தகுமாரி பக்தை. திருமணமான புதிதில் இதைப் போட்டுக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "என்னங்க, இவர் பாடுகிறாரா, யாரிடமோ விஷயம் சொல்லிக்கொண்டிருக்கிறாரா?" என்றாள். குறையாகத்தான் சொன்னாள். இந்தப் பாடகரைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இதற்கு அருகில் வரவில்லை.

இப்படி விஷயம் சொல்வது போலப் பாடுவதற்கு மைக் வேண்டும். கிட்டப்பா காலத்து நாடகப் பாடகர் கடைசி வரிசைக் காதுக்கும் குரலைக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் அதே கதைதான். 1925 வரை இசைத்தட்டுக்குப் பாடுவதென்றால் ஒரு பெரிய கூம்புக்குள் கத்துவது. மின்சார மைக் வந்த பிறகுதான் ஒருவர் இன்னொருவர் காதோரம் பேசும் அளவில் பாடி, அதை ஊரே கேட்க முடிந்தது. அப்படிப் பாடியவர்களைக் 'குரூனர்' என்று அழைத்தார்கள். முணுமுணுப்பவர் என்பது போன்ற பொருள். முதலில் கேலிப் பெயர். 1932-இல் பாஸ்டன் நகரத்துக் கார்டினல் ஒருவர் இந்தப் பாணியையே சீரழிவு என்று மேடையில் சாடினார். பிற்காலத்தில் நம் ஊரில் பி.பி. ஸ்ரீநிவாஸ் போன்ற ஒரு குரல் சாத்தியமானதற்கும் அதே மைக்தான் காரணம். அந்தக் கார்டினல் கேட்டிருந்தால் அவரையும் திட்டியிருப்பார்.

கோல் பாடகராக ஆசைப்பட்டு வந்தவர் அல்ல. நான்கு வயதில் குடும்பத்தோடு சிகாகோவுக்குப் போனார். அப்பா பாதிரியார், அம்மா கற்றுக்கொடுத்த ஆர்கன். ஏர்ல் ஹைன்ஸ் என்ற பியானோ மேதையைக் கேட்டு வளர்ந்தார். 1937 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் மூவர் குழு ஒன்று அமைத்தார்: பியானோ, கிடார், பாஸ். டிரம்ஸ் கிடையாது. அந்த அமைப்பைப் பின்னால் ஆஸ்கர் பீட்டர்சன் போன்ற ஜாஸ் பியானோக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். குடித்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் பாடச் சொல்லி வற்புறுத்தியதால்தான் கோல் பாட ஆரம்பித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. கச்சிதமான கதைகள் எல்லாமே எனக்குச் சந்தேகம். 1950-களில் அவர் பியானோவை விட்டு எழுந்து நின்று பாட ஆரம்பித்தபோது, ஜாஸ் ரசிகர்கள் காசுக்காகக் கலையை விற்றுவிட்டார் என்றார்கள்.

அந்த ரசிகர்களுக்குப் பதில் போல ஒரு தொகுப்பு இருக்கிறது. 'ஆஃப்டர் மிட்நைட்'. 1956 ஆகஸ்டு, செப்டம்பரில் பதிவானது. பழைய மூவர் குழு பாணி. கூட ஒரு டிரம்ஸ். பாட்டுக்கு ஒருவராக விருந்தாளிக் கலைஞர். நம்மவர்கள் இதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்வேன். குறிப்பாக 'சம்டைம்ஸ் ஐம் ஹாப்பி'. அதில் ஸ்டஃப் ஸ்மித் என்பவர் வயலின். கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதி போட்டு நிறுத்தியதும் வயலின்காரர் அதை வாங்கித் தலையாட்டித் திருப்பிக் கொடுப்பாரே, ஏறக்குறைய அதே உறவு. ஸ்மித்தின் வில்லில் கொஞ்சம் கரகரப்பு இருக்கும், வெற்றிலை போட்ட குரல் போல. கோல் வரியை முடித்துவிட்டு ஒதுங்குகிறார். வயலின் வந்து ஏதோ சொல்கிறது. கோல் அதைக் கேட்டுவிட்டு அடுத்த வரியை ஆரம்பிக்கிறார். கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார் என்பது நமக்கே தெரியும். அதே தொகுப்பில் 'கேரவன்' பாட்டுக்கு டிராம்போன் வாசித்திருப்பவர் ஹுவான் டிசோல். அந்த மெட்டை ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனோடு சேர்ந்து உருவாக்கியவரே அவர்தான். கீர்த்தனை இயற்றியவரே வந்து பக்கவாத்தியம் வாசிக்கிறார்!

1956 என்ற எண்ணைப் பார்த்ததும் என் கை சிவப்புப் பேனாவைத் தேடும். எழுதிவைத்துக்கொண்ட தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 10 அன்று, தான் பிறந்த அலபாமாவிலேயே, பர்மிங்காம் நகர அரங்கில் வெள்ளையர்களுக்கு மட்டுமான காட்சியில் கோல் பாடிக்கொண்டிருந்தார். இனவெறியர்கள் சிலர் மேடைக்கு ஓடிவந்து அவரைத் தள்ளி வீழ்த்தினார்கள். முதுகில் அடி. இன்னொரு பக்கம், இன வாரியாகப் பிரித்த அரங்கில் பாட ஏன் போனாய் என்று கறுப்பினத் தலைவர்களும் பத்திரிகைகளும் கண்டித்தார்கள். கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அடி வாங்கியவனைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நா எழாது என்பது வேறு. பிறகு அவர் கறுப்பின உரிமைச் சங்கத்தில் ஆயுள் உறுப்பினரானார். ஆகஸ்டில் 'ஆஃப்டர் மிட்நைட்'. நவம்பர் 5 முதல் என்பிசி தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், பாடகர் ஹாரி பெலஃபான்டே போன்றவர்கள் வந்து பாடினார்கள். நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. தென் மாநிலங்களில் தங்கள் சரக்கை வாங்க மறுத்துவிடுவார்களோ என்ற பயம். ஓராண்டு இழுத்து 1957 டிசம்பரில் நின்றுபோனது. அந்த நிகழ்ச்சி தொடங்கி அடுத்த மாதமே, 1956 டிசம்பரில், ஹாலிவுட்டில் கேபிடல் இசைத்தட்டு நிறுவனத்தின் வட்டக் கட்டடத்துக்குள் போய் 'ஸ்டார்டஸ்ட்' பாடுகிறார்.

அந்தக் கட்டடமும் அதே ஆண்டு திறக்கப்பட்டதுதான். பதின்மூன்று மாடி, தட்டுகளை அடுக்கி வைத்தது போலிருக்கும். கோலின் தட்டுகள் விற்ற விற்பனையைப் பார்த்து 'நாட் கட்டிய வீடு' என்று அந்த நிறுவனத்தையே சொல்வார்கள். அதன் அடியில், பூமிக்குள், கான்கிரீட் அறைகள் உண்டு. பாடியதை ஒலிபெருக்கி வழியாக அந்தக் காலி அறைக்குள் விட்டு, எதிரொலியோடு இன்னொரு மைக்கால் பிடித்து, அசலோடு கலப்பார்கள். ஆன்ட்டி வீட்டு முன்னறையில் அந்தக் குரலைச் சுற்றி ஏன் அவ்வளவு பெரிய வெட்டவெளி இருந்தது என்பதற்கு விடை இந்த அறைகள்.

ஏப்ரல் மாதத்து அடி டிசம்பர் மாதத்துக் குரலில் எங்காவது தெரிகிறதா என்று தேடியிருக்கிறேன். தெரிகிறது என்று எழுதினால் பத்தி நன்றாக நிற்கும். ஆனால் என் காதில் விழவில்லை. விழாததை எழுத மாட்டேன். 1948-இல் அவர் லாஸ் ஏஞ்சலஸில் ஹான்காக் பார்க் பகுதியில் வீடு வாங்கியபோது, வேண்டாதவர்கள் இங்கே குடிவருவதை நாங்கள் விரும்பவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். நானும் விரும்பவில்லை, அப்படி யாராவது வந்தால் முதலில் புகார் சொல்வது நானாகத்தான் இருப்பேன் என்று பதில் சொன்னாராம். அந்தப் பதிலில் இருக்கும் நிதானம் மட்டும் பாட்டிலும் இருக்கிறது.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பக்தி இலக்கியமாகிவிடும். 'லவ் இஸ் தி திங்' தொகுப்புக்குத் தந்தி வாத்திய அமைப்பு கார்டன் ஜென்கின்ஸ். சில பாட்டுகளில் வயலின் கூட்டம் ஜீராவில் மூழ்கிய ஜாங்கிரி மாதிரி சொட்டும். 'ஸ்டார்டஸ்ட்'டில் அது பொருந்துகிறது. பன்னிரண்டு பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் திகட்டும். நான் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கேட்பதில்லை. இதில் 'வென் ஐ ஃபால் இன் லவ்' மட்டும் விலக்கு. 1952-இல் ஒரு படத்துக்காக விக்டர் யங் போட்ட மெட்டு. கோல் அதில் எதுவுமே செய்வதில்லை; மெட்டை எழுதியபடியே பாடிவிட்டுப் போகிறார். அதற்கு மேல் என்ன செய்தாலும் கெட்டிருக்கும். 1960-களின் தொடக்கத்தில் வந்த கோரஸ் வைத்த கும்மாளப் பாட்டுகள் எனக்கு வேண்டாம். அவை நன்றாக விற்றன. விற்கட்டும்.

1958-இல் அவர் ஸ்பானிய மொழியில் பாடிய தொகுப்பு ஒன்று உண்டு. அந்த மொழி அவருக்குத் தெரியாது. ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து பாடினார். உச்சரிப்பில் அமெரிக்க வாடை அடிக்கும். அப்படியும் லத்தீன் அமெரிக்காவில் கொண்டாடினார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. பொருள் தெரியாத மொழியை ஓசையாகவே வாய்க்குள் உருட்டியவர் அவரும்தான். பொன்மலைப் படிக்கட்டில் உட்கார்ந்து நான் செய்ததை அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்திருக்கிறார்.

குரல் ஆழமாக இருக்க உதவுகிறது என்று நம்பி ஓயாமல் சிகரெட் பிடித்தார். 1964 டிசம்பர் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் கடைசித் தொகுப்பைப் பதிவு செய்தபோது நோய் முற்றியிருந்தது. தலைப்புப் பாட்டு துள்ளலானது. 'லவ்' என்ற சொல்லின் நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் பாடுவார். ஓராண்டுக்குள் இறக்கப்போகிறவர், ஓர் எழுத்துகூட விடாமல்.

இப்போது மகள் வாங்கிக்கொடுத்த சின்ன ஸ்பீக்கரில், இரவு புரூஃப் கட்டை மூடிவைத்த பிறகு, தாழ்ந்த ஒலியில் போடுகிறேன். தட்டும் இல்லை, கீறலும் இல்லை. நான்காவது வரி ஒழுங்காகத் தொடங்குகிறது. நான் முனகும்போது மட்டும் பழைய வழக்கம் விடுவதில்லை. மூன்றாவது வரி முடிந்ததும் தாவிவிடுவேன்.

போன வாரம் சமையலறையில் மனைவி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ராகம் போல வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது. வசந்தகுமாரி இல்லை. நின்று கேட்டேன். சொற்கள் கிடையாது; வெறும் மெட்டு. ஸ்பீக்கரில் வருவதை அவள் எப்போதுமே கவனித்ததில்லை. என் முனகலிலிருந்துதான் பிடித்திருக்கிறாள். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. பிறகு, சரியாக அந்த இடத்தில், ஒரு சொல்லின் அளவு சுரத்தை விட்டுவிட்டு நான்காவது வரியின் நடுவில் போய் இறங்கினாள்.

"என்ன, அப்படியே நிற்கிறீர்கள்?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன்.